கூரைக்குக் கட்டிய சாக்கு

பனி உருகத் தொடங்கியதும் மொன்றியலில் மற்றவர்கள் சைக்கிளை வெளியே எடுத்துத் துடைப்பார்கள். நான் மல்லாந்து படுத்துச் சீலிங்கைப் பார்ப்பேன். மாதக்கணக்காகத் தலைக்கு மேலே குடியிருந்த பனி, போகிற போக்கில் எதை உடைத்துவிட்டுப் போகிறது என்று யாருக்குத் தெரியும்? என் மனைவி இதற்குக் கூரைக்காய்ச்சல் என்று பெயர் வைத்திருக்கிறாள். மார்ச் கடைசியில் ஏறும், மே மாதத்தில் இறங்கும், மருந்து கிடையாது.

இந்தக் காய்ச்சல் எனக்கு முதலில் கண்டது பார்க் எக்ஸ்டென்ஷனில், நாங்கள் சொந்தமாக வாங்கிய முதல் வீட்டில். சொந்தம் என்றால் பாதி சொந்தம். மேலே ஒரு வீடு, கீழே ஒரு வீடு, பொதுவாக ஒரு கூரை. மன்னாரைச் சேர்ந்த அண்ணை ஒருவரும் நானும் சேர்ந்து வாங்கினோம். ஞாயிற்றுப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் குளிரில் நின்று கதைக்கிற பழக்கம் எங்களுக்குள் இருந்தது. இரண்டு பேரும் நிலக்கீழ் வீடுகளில் வாடகைக்கு இருந்து, தெருவில் போகிறவர்களின் சப்பாத்துகளை மட்டும் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஒருநாள் அண்ணை தானாகக் கேட்டார், சேர்ந்து ஒரு வீட்டை வாங்குவமா என்று. எனக்குப் பெரிய தமையன் இல்லை. அன்றைக்கு ஒருவர் கிடைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணையின் மனைவிக்கு, நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம், முழங்கால் வருத்தம். ஆகவே கீழ்வீடு அவர்களுக்கு, மேல்வீடு எங்களுக்கு. நிலக்கீழ் அறையும் வெந்நீர்த் தாங்கியும் அண்ணையின் பொறுப்பு, கூரை என் பொறுப்பு என்று பேச்சு. நாலுபடி ஏணியில் ஏறினாலே எனக்குத் தலை சுற்றும் என்பதை அந்தப் பேச்சில் நான் எடுக்கவில்லை.

எடுக்கத் தேவையும் வரவில்லை. முதல் வசந்தத்திலேயே அண்ணை என் முகத்தைப் பார்த்து விஷயத்தைப் பிடித்துவிட்டார். ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி தூக்குகிற வேலை அவருக்கு. வேலை இல்லாத ஒரு நாளில் மேலே வந்து, எங்கள் உடுப்பு அறைக்குள் ஏணியை வைத்து, சீலிங்கில் இருந்த சிறிய கதவைத் தலையால் தள்ளிக்கொண்டு கூரைக்குப் போனார். நான் மனைவியின் சேலைகளுக்கு நடுவே நின்று ஏணியைப் பிடித்தேன். அதன்பிறகு ஒவ்வொரு வசந்தமும் அப்படித்தான்.

இங்குள்ள பழைய வீடுகளின் கூரை மேசை மாதிரித் தட்டை. தார் ஊற்றி, அதன்மேல் சிறுகல் பரப்பியிருப்பார்கள். உருகுகிற பனியெல்லாம் நடுவிலுள்ள ஒரு துவாரத்தால் இறங்கி, வீட்டின் வயிற்றுக்குள்ளால் குழாய் வழியே போகும். சரிந்த கூரையின் கீழ் பிறந்து வளர்ந்த எனக்கு இது ஒரு கூரையாகவே படவில்லை. தண்ணீரை வெளியே விடுவதற்குத்தானே கூரை, வீட்டுக்குள்ளே கூப்பிடுவதற்கா? அண்ணை மேலே நின்று, எங்கே கல் விலகியிருக்கிறது, எங்கே தார் வெடித்திருக்கிறது, துவாரத்தில் என்ன இலை அடைத்திருக்கிறது என்று குனிந்து குனிந்து பார்ப்பார். கீழே இருந்து நான் பகிடி விடுவேன்.

“அண்ணை, மேலை மோட்சம் தெரியுதோ?”

“தெரியுது. வாசலிலை பேர் எழுதிப் போட்டிருக்கு. உம்மடை பேரைக் காணேல்லை.”

அவர் இறங்கியதும் தேத்தண்ணியும் கட்லட்டும். கீழே இருந்து அக்கா வீடு கூட்டுகிற தும்புத்தடியால் தன் சீலிங்கில் இரண்டு தட்டுத் தட்டுவார். அவருடைய சீலிங் எங்கள் தரை. இரண்டு தட்டு என்றால் மீன்குழம்பு ஆறுகிறது, இறங்கி வாருங்கள் என்று அர்த்தம். இறங்கிப் போவோம். கூரை பார்த்த நாள் என்பது எங்களுக்கு ஒரு சின்னப் பெருநாள் மாதிரி.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் நான் மூளையைப் பாவித்தேன்.

ஓர் இலையுதிர்காலம். எனக்கு டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலை. அன்று ஓய்வு. உடுப்பு அறைக்குள் நின்றபோது சீலிங்குக்கு மேலே ஊ என்று காற்று இரைந்தது. அண்ணை முன்பு சொன்னது ஞாபகம் வந்தது: கூரையில் இரண்டு தகரப் பெட்டிகள் நிற்கின்றன, பக்கமெல்லாம் வெட்டு வெட்டாகத் திறந்திருக்கும் என்று. திறந்த பெட்டி என்றால் பனி உள்ளே போகும். பனி உள்ளே போனால் சீலிங்கின் மேலே மெத்தை மாதிரிப் படுக்கும். மெத்தை பாரமானால் சீலிங் என் மேலே படுக்கும்.

அரிசி வாங்குகிற துணிச் சாக்குகள் குசினியில் கிடந்தன. இரண்டை எடுத்தேன். மனைவி வேலைக்குப் போயிருந்தாள், மகள் பள்ளிக்கூடத்தில். ஏணியைப் பிடிக்க ஒருவரும் இல்லாமல், தெரிந்த செபங்களையெல்லாம் சொல்லிக்கொண்டு கூரைக்கு ஏறினேன். நின்றால் விழுந்துவிடுவேன் என்று நாலு காலில் போனேன். பக்கத்து வீட்டுப் பல்கனியில் நின்ற நாய் என்னைத் தன் இனம் என்று நினைத்து வாலாட்டியது. இரண்டு தகரப் பெட்டிகளுக்கும் இரண்டு சாக்கைக் கவிழ்த்து, நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு இறங்கினேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச்செயல். ஒருவருக்கும் சொல்லவில்லை. வசந்தத்தில் அண்ணை ஏறும்போது தானாகக் கண்டு, “தம்பி, இது உம்மடை வேலையோ?” என்று ஆச்சரியப்பட வேண்டும் என்று காத்திருந்தேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் அந்த ஒரு வசனத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மாசியில் அண்ணை சந்தைக்குப் பின்னால் ஐசில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கைக்கு மாவுக்கட்டு. ஏணி இந்த முறை இல்லை.

மார்ச் கடைசியில் எங்கள் படுக்கையறைச் சீலிங்கில் ஒரு கறை வந்தது. முதலில் ரொட்டி அளவு. பிறகு இலங்கைப் படம் போல நீண்டது, யாழ்ப்பாணப் பக்கம் கொஞ்சம் வேகமாக வளர்ந்தது. பிறகு சொட்டத் தொடங்கியது. புட்டுப்பானையை வைத்தேன், இட்லிச்சட்டியை வைத்தேன். வீட்டில் சமைக்கப் பாத்திரம் இல்லை. கட்டிலை இருப்பறைக்கு இழுத்தேன், அங்கேயும் பயம் வந்தது, குசினிக்கு இழுக்கப் பார்த்தேன், வாசலில் இறுகி நின்றுவிட்டது. இரண்டு நாள் நாங்கள் கட்டிலுக்கு மேலால் ஏறித்தான் குசினிக்குப் போனோம். மகளின் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டுதான் சாப்பிட்டேன். அண்ணை மாவுக்கட்டுக் கையோடு மேலே வந்தவர் என் கோலத்தைக் கண்டு கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

கூரைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டேன். கியூபெக்காரர், பெரிய உடம்பு, சிவந்த முகம். உடுப்பு அறைக்குள்ளால் மேலே போனார். கொஞ்ச நேரம் தலைக்கு மேலே கல் நெரிகிற சத்தம். இறங்கி வந்து, சேலைகளுக்கு நடுவே நின்றபடி என் நெஞ்சுக்கு நேரே விரலை நீட்டிச் சொன்னார்:

“செ பா லெ துவா. செ துவா.”

சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கையால் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு கண்ணைப் பிதுக்கிக் காட்டினார். பிறகு வேகமாக நிறையச் சொன்னார். அதில் எனக்கு வணக்கமும் நன்றியும் தவிர வேறொன்றும் பிடிபடவில்லை. கடைசியில் என் தோளில் தட்டிச் சிரித்தார். காசு கொடுக்கப் போனேன், கையை ஆட்டி மறுத்துவிட்டுப் போய்விட்டார்.

புதிதாக வந்த காலத்தில் மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்தவன் நான். பா என்றால் இல்லை. துவா என்றால் கூரை. கூரை இல்லை, கூரை. யோசித்தேன். விளங்கிவிட்டது. இது கூரையே இல்லை, இதெல்லாம் ஒரு கூரையா என்று கேட்கிறான். வாயையும் மூக்கையும் பொத்திக் காட்டியது, கூரைக்குக் கடைசி மூச்சு இழுக்கிறது என்று. காசு வாங்காமல் போனதுதான் என்னை உலுக்கிவிட்டது. சாகப் போகிற நோயாளியின் வீட்டில் டாக்டர் காசு வாங்குவாரா?

கீழே ஓடிப் போய் அண்ணைக்கும் அக்காவுக்கும் மொழிபெயர்த்தேன். மனைவி வேலையால் வந்ததும் அவளுக்கும் மொழிபெயர்த்தேன். அவள் அப்போதுதான் ஒரு கார்டெரியில் பிள்ளை பார்க்கிற வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கூரைக்காரர் சொன்ன சொல்லை அப்படியே அவளுக்குச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது என் மொழிபெயர்ப்பை. சாக்குக் கட்டிய வீரக்கதையை ஒருவரிடமும் எடுக்கவில்லை. கூரையே செத்துப்போன பிறகு அதற்குத் தொப்பி கட்டிய பெருமையைப் பேசுவது அழகா? அந்தச் சாக்கும் இல்லாமல் போயிருந்தால் இன்னும் எவ்வளவு தண்ணி வந்திருக்கும் என்று மட்டும் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

சில வாரங்களில் சொட்டு நின்றது. கறை காய்ந்து மஞ்சளாகியது. என் பயம் காயவில்லை. அடுத்த குளிர்காலத்தை இந்தக் கூரை தாங்காது, புதுக்கூரை போட எங்களிடம் வசதியில்லை, விற்றுவிடுவோம் என்று நின்றேன். மாமரத்தில் கிளிக்கு எறிகிற கல் மாதிரி ஒவ்வொரு நாளும் அண்ணையின் மேல் இதையே எறிந்துகொண்டிருந்தேன். அவர் தனியாக என் பாதியை வாங்கக்கூடியவர் இல்லை. நான் விலகினால் அவரும் விலகத்தான் வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன், ஏனென்றால் படுக்கும்போதெல்லாம் அந்தச் சீலிங் என் மகளின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

முதலில் அவர், இன்னொரு ஆளைக் கூப்பிட்டுக் காட்டுவோம், தன் கை சரிவந்ததும் தானும் ஏறிப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கோடை நடுவில் ஒருநாள் திடீரென்று பேச்சை விட்டுவிட்டார்.

“உமக்குச் சரியெண்டால் எனக்கும் சரி, தம்பி” என்றார். அவ்வளவுதான். நான் என் பேச்சுத்திறமை என்று நினைத்தேன்.

கூரை பழுது என்று நானே வாங்க வந்தவருக்கு முதல் வசனமாகச் சொன்னேன். விலையைக் குறைத்துக் கேட்டார், கொடுத்தோம். நாங்கள் ஆற்றுக்கு அப்பால் புரோசார்டுக்குப் போனோம். சரிந்த கூரையுள்ள சின்ன வீடு. அண்ணையும் அக்காவும் பழையபடி வாடகை வீட்டுக்குப் போய், அடுத்த வருடமே ரொறன்ரோவில் மகனிடம் போய்விட்டார்கள். பிரிகிற அன்று அக்கா அந்தத் தும்புத்தடியை என் மனைவியிடம் கொடுத்தார், உனக்குத்தான் பெரிய வீடு கூட்டக் கிடக்கு என்று. அண்ணை என்னுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். கைகுலுக்குகிற பழக்கம் எங்களுக்குள் அதுவரை இருந்ததில்லை. நான் அதற்கும் ஒரு பகிடி விட்டேன். என்ன பகிடி என்று இப்போது ஞாபகம் இல்லை.

நத்தார்ப் பண்டிகைக்குப் போனில் கதைப்போம். சுகம் கேட்போம், காலநிலை கேட்போம், வைப்போம். அங்கே பனி எப்படி என்று அவர் கேட்பார். கூரை எப்படி என்று கேட்டதில்லை.

புரோசார்டில் முதல் குளிர்காலம் அருமையாகப் போனது. சரிந்த கூரையில் பனி வழுக்கி விழுகிற சத்தம் எனக்குத் தாலாட்டு. அடுத்த இலையுதிர்காலத்தில் சும்மா இருக்க மாட்டாமல் கூரைக்குக் கீழே இருந்த மேல்மாடத்துக்குள் டோர்ச் லைட்டோடு தலையை நீட்டினேன். கூரையின் ஓரமெல்லாம் காற்று வருகிற துளைகள். இதென்ன நாடப்பா, வீடு கட்டுகிறவர்கள் எல்லோருமே கூரையில் ஓட்டை விட்டுத்தான் கட்டுவார்களா? பழைய தலையணைகளைக் கொண்டுபோய் ஒவ்வொரு துளையாக அடைத்தேன். இந்த முறை பக்கத்தில் நாய் இல்லை.

வசந்தத்தில் கறை வந்தது. அதே மஞ்சள், அதே வளர்ச்சி. புது வீடு, சரிந்த கூரை, கறை மட்டும் பழையது. பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்து பாலத்தைக் கடந்து விலாசம் விசாரித்து வந்ததுபோல என் கட்டிலுக்கு நேர்மேலே வந்து நின்றது.

இந்த முறை வந்த கூரைக்காரர் இளம் ஆள். மனைவியும் வீட்டில் நின்றாள். கார்டெரியில் வருடக்கணக்காகப் பிள்ளைகளோடு கதைத்து அவளுடைய பிரெஞ்சு ஓடுகிற ஆறாகியிருந்தது. மேல்மாடத்தால் இறங்கி வந்தவர் கையில் ஒரு தலையணை. அதை மேசையில் வைத்துவிட்டு, உள்ளங்கையால் வாயையும் மூக்கையும் பொத்திக் கண்ணைப் பிதுக்கிக் காட்டினார்.

அதே சைகை.

மனைவி கேட்டுச் சொன்னாள். கூரை மூச்சு விட வேண்டுமாம். நாங்கள் சமைக்கிற ஆவி, குளிக்கிற ஆவி, ஈர உடுப்பின் ஆவி எல்லாம் மேலே ஏறி அந்தத் துளைகளால் வெளியே போக வேண்டுமாம். அடைத்தால் அந்த ஈரம் உள்ளேயே உறைந்து கிடந்து, வசந்தத்தில் உருகிச் சொட்டுமாம். கூரையில் ஒரு பிழையும் இல்லையாம்.

அவர் போன பிறகு நான் மனைவிக்கு அந்தப் பழைய கூரைக்காரர் சொன்னதை, சத்தம் மாறாமல், முதல்முறையாகச் சொன்னேன். செ பா லெ துவா, செ துவா.

“இஞ்சேருங்கோ, கூரைக்கும் துவாதான், நீ எண்டதுக்கும் துவாதான். அந்த மனிசன் கூரை இல்லை, நீதான் எண்டு சொல்லியிருக்குது. உங்களை எல்லோ சொன்னது.” பிறகு குரலைக் குறைத்துக் கேட்டாள்: “அங்கை என்னத்தைக் கட்டினனீங்கள்?”

சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “அண்ணையாக்கள் வீட்டை விட்டதும் இதுக்குத்தானோ?” என்றாள்.

வாழ்நாள் முழுக்க மற்றவர்களைச் சிரிக்க வைத்துத் திரிந்தவன் நான். எனக்கு நேரே விரல் நீட்டிச் சொல்லப்பட்ட, எவ்வளவோ நேர்த்தியான ஒரு பகிடி எனக்கு விளங்கவில்லை. விளங்காமல் ஒரு வீட்டை விற்றிருக்கிறேன்.

அன்றைக்கே அண்ணைக்குப் போன் எடுத்தேன். பகிடியாகத்தான் சொல்ல வேண்டும் என்று தீர்மானம். நாலு காலில் போனது, நாய் வாலாட்டியது, துவாவுக்கு நான் சொன்ன மொழிபெயர்ப்பு, எல்லாவற்றையும் நடிப்போடு சொன்னேன். சிரிக்க வேண்டிய இடங்களில் அவர் சிரிக்கவில்லை. முடித்ததும் அவர் சொன்னார்:

“சாக்கைக் கண்டனான்.”

“எப்ப அண்ணை?”

“அந்தக் கோடையிலை. கை சரிவந்தாப் பிறகு ஒருக்கா ஏறினனான். நீர் வேலைக்குப் போட்டீர், உம்மடை மனிசிதான் ஏணி பிடிச்சவ. அந்தக் கூரைக்காரன் ரெண்டையும் அவிட்டு மடிச்சு, மேலை ஒரு கல்லும் வைச்சிட்டுப் போயிருக்கிறான். கண்ட உடனை எனக்கு விளங்கீற்று.”

“ஏன் அப்பவே என்னைக் கேக்கேல்லை?”

“என்னத்தைக் கேக்கிறது? அவன் உமக்குச் சொல்லியிருப்பான், உமக்குத் தெரியும் எண்டுதான் நினைச்சனான். தெரிஞ்சும் விக்கத்தான் வேணும் எண்டு நிண்டீர். எங்களோடை ஒண்டா இருக்கிறது உங்களுக்கு இடைஞ்சலாப் போச்சு, முகத்துக்கு நேரை சொல்ல ஏலாமல் கூரையை ஒரு சாக்காச் சொல்லுறீர் எண்டு நினைச்சன். பேந்து நான் ஏன் மறிப்பான் எண்டு விட்டிட்டன்.”

சாக்கு. அவர் கவனித்துச் சொல்லவில்லை. என் வாய்க்குள் ஒரு பகிடி பழக்கத்தில் தானாக வந்து நின்றது. அதை விழுங்கினேன்.

“இல்லை அண்ணை. உண்மையாப் பயந்துதான்.”

“பயந்தனீரோ?”

“ஓம் அண்ணை.”

“ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு நிண்டனீரே. அதுவும் பயத்திலையோ?”

“ஓம்.”

பின்னால் எங்கோ குசினியில் அக்கா பாத்திரம் வைக்கிற சத்தம்.

“நான் அதையும் பகிடி எண்டெல்லோ நினைச்சனான்” என்றார் அண்ணை. “உம்மைப் பாத்துச் சிரிச்சனான்.”

நானும் சிரித்தேனே அண்ணை என்று சொல்ல வந்தேன். வரவில்லை. அக்காவின் முழங்கால் எப்படி என்று கேட்டேன். இப்போது லிஃப்ட் உள்ள உயரமான கட்டடத்தில் இருக்கிறார்களாம், படி ஏறத் தேவையில்லையாம், தும்புத்தடியால் தட்டினால் மேல்வீட்டுக்காரர் பொலிசைக் கூப்பிடுவார்களாம். கடைசிச் செய்தியை அவர் சொன்னபோது குரலில் பழைய அண்ணை கொஞ்சம் எட்டிப்பார்த்தார். போனை வைக்குமுன் கேட்டார்:

“தலையணை எல்லாத்தையும் எடுத்தாச்சோ?”

“ஒண்டுதான் எடுத்தது. மிச்சம் கிடக்கு.”

“எடும். இண்டைக்கே எடும். கூரையை மூச்சு விட விடும்.”

அன்று பின்னேரம் ஏணியை வைத்து ஏறினேன். மேல்மாடத்துக்குள் முழங்காலில் ஊர்ந்து ஒவ்வொரு தலையணையாக இழுத்தேன். இழுக்க இழுக்க வெளிக்காற்று முகத்தில் வந்து அடித்தது. கீழே மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன், மேலை மோட்சம் தெரியுதோ என்று யாராவது கேட்பார்களா என்று.